பழைய கம்ப்யூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான். வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறது, என்ன செய்யலாம்? அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். திண்டுக்கல்லில் 19 வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வந்த இயந்திரங்களிடம் கற்றதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: வணக்கம் அம்மா. 2013-ல் பணி ஓய்வு பெற்றபோது வாங்கிய கம்ப்யூட்டர். 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். பேரன் பிற்பாடு விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தான். இப்போது சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து, பேப்பரில் முதல் பக்கத்தைப் படித்து முடித்த பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்த்த கடைக்காரர், "இது காலாவதி சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார். எனக்கு வேண்டியது தமிழில் தட்டச்சு, மின்னஞ்சல், யூடியூபில் கச்சேரி. இவ்வளவுதான். புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சின்னமனூர்

பதில்: வேண்டாம் ஐயா, வாங்காதீர்கள். நீங்கள் இணைத்திருந்த பில் நகலைப் பார்த்தேன். ஐ3-3220 பிராசசர், எச்61 போர்டு. நீங்கள் சொன்ன மூன்று வேலைக்கும் அந்த பிராசசரில் இன்னும் தெம்பு இருக்கிறது. பெரும்பாலான நேரம் அது சும்மா காத்துக்கொண்டு நிற்கிறது. எதற்காக நிற்கிறது என்பதை முதலில் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

நாளைக் காலையில் சுவிட்சைப் போட்டு, திரை வந்ததும் வேறு எதையும் தொடாமல் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்று இருப்பதைத் தட்டி, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். இடது பக்கம் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். உங்கள் வீட்டில் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சி.பி.யூ. 15, 20 என்று ஊர்ந்துகொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. அப்புறம் டிஸ்க்கின் மேலேயே தட்டிப் பாருங்கள். விநாடிக்கு எவ்வளவு படிக்கிறது என்று கீழே காட்டும். 100 சதவீதம் மும்முரம் என்று சொல்லிக்கொண்டே விநாடிக்கு ஒன்றிரண்டு எம்.பி.தான் கொடுத்துக்கொண்டிருக்கும். தொடர்ந்தாற்போலப் படிக்க விட்டால் அதே டிஸ்க் விநாடிக்கு நூறு எம்.பி. வரை கொடுக்கும். பிறகு ஏன் ஒன்றிரண்டு?

உள்ளே இருப்பது சுற்றுகிற தட்டு ஐயா. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. தட்டின் மேல் ஒரு கை முன்னும் பின்னும் போய் வரும். கேட்ட கோப்பு இருக்கும் தடத்துக்குக் கை போக வேண்டும், போன பிறகு அந்த இடம் சுற்றிக் கையின் கீழே வரும் வரை நிற்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடி ஆகிவிடுகிறது. அதனால் விநாடிக்கு நூறு தடவைகூடப் போய்வர முடியாது. விண்டோஸ் எழும்போதோ ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகளைத் தட்டின் மூலைக்கொன்றாகக் கேட்கிறது. அதே நேரத்தில் ஆன்டிவைரஸ் கேட்கிறது, அப்டேட் கேட்கிறது, கோப்புகளைத் தேடி அட்டவணை போடும் சேவை கேட்கிறது. கிணற்றில் ஒரே வாளி, ஒரே கயிறு, சுற்றி நாற்பது குடம். அதுதான் உங்கள் வீட்டில் காலையில் நடப்பது. கேபினட்டில் காதை வைத்துப் பாருங்கள், கர்ர் கர்ர் என்று அந்தக் கை அலைகிற சத்தம் கேட்கும்.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. முழுக்கச் சில்லு. எந்த மூலையில் இருப்பதையும் மில்லிவிநாடியில் ஒரு சிறு பங்கில் எடுத்துவிடும். ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, விண்டோஸை ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. (சாட்டா என்பது டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் வழி), 240 அல்லது 256 ஜி.பி. போதும். உங்கள் எச்61 போர்டில் இருப்பது சாட்டாவின் இரண்டாம் தலைமுறை. அதன் உச்சம் விநாடிக்கு 300 எம்.பி. எஸ்.எஸ்.டி. அட்டையில் 500 எம்.பி. என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து யாராவது "உங்கள் போர்டில் போட்டால் வீண்" என்று சொன்னால் நம்பாதீர்கள். நமக்கு லாபம் அந்த 500-ல் இல்லை, கை அலைவது நிற்பதில்தான் இருக்கிறது. அது உங்கள் போர்டிலும் முழுசாகக் கிடைக்கும்.

இரண்டாவது, ரேம். திறந்திருக்கும் வேலைகளைக் கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் அது. உங்கள் போர்டில் இரண்டு ஸ்லாட் உண்டு, டி.டி.ஆர்.3 வகை. ஒன்றில் 4 ஜி.பி. இருந்தால் பக்கத்தில் இன்னொரு 4 ஜி.பி. போடுங்கள். டி.டி.ஆர்.4 வாங்கிவிடாதீர்கள், பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் உட்காராது. பழைய ரேமைக் கழற்றி ஒரு காகிதத்தில் மடித்துக் கடைக்கே எடுத்துப் போய்விடுவது நல்லது.

எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் புதிதாகவே ஏற்றச் சொல்லுங்கள். பழையதை அப்படியே நகல் எடுத்துப் போடவும் வழி உண்டு, ஆனால் பத்து வருடத்துக் குப்பையும் கூடவே குடிவரும். கடைக்குக் கொடுக்கும் முன் உங்கள் கட்டுரைகள், பேரன் பேத்தி படங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். எழுத்துருவை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழைய பாமினியில் தட்டிய கட்டுரைகள் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் புரியாத கோடும் புள்ளியுமாகத் தெரியும்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதற்குக் கடைசிக்கு முந்தின கேள்வியில் பதில் வைத்திருக்கிறேன்.

*

கேள்வி: "உங்கள் கம்ப்யூட்டரில் 1,300 பிழைகள்" என்று ஒரு மென்பொருள் காட்டுகிறது. பணம் கட்டினால் சரிசெய்து வேகமாக்கித் தருமாம். கட்டலாமா?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: கட்டாதீர்கள். அதை நீக்கிவிடுங்கள். அது பிழை என்று எண்ணுவதெல்லாம், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மிச்சம் கிடக்கும் பழைய வரிகள். அவை இருப்பதால் வேகம் குறைவதும் இல்லை, துடைத்தால் கூடுவதும் இல்லை. தவறான வரியைத் துடைத்துவிட்டால் பிரின்டர் ஓடாது, ஆபீஸ் திறக்காது. இந்த மென்பொருள்களில் பல, கம்ப்யூட்டர் எழும்போதே தாமும் எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. கிணற்றடியில் நாற்பத்தோராவது குடம்.

செய்ய வேண்டியதை நீங்களே காசில்லாமல் செய்யலாம். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தைத் திறந்தால், சுவிட்ச் போட்டதும் தாமாக எழுகிறவர்களின் பட்டியல் இருக்கும். டோரண்ட், விளையாட்டு அப்டேட்டர், எப்போதோ நீக்கிய பிரின்டரின் உதவியாளர், வீடியோ மீட்டிங் என்று வேண்டாதவற்றின் மேல் வலது பொத்தானைத் தட்டி 'டிசேபிள்' கொடுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஆனால் டச்பேட், ஆடியோ, ஆன்டிவைரஸ் இவற்றை விட்டுவிடுங்கள். என்.எச்.எம். ரைட்டர், அழகி மாதிரி தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் நிறுத்திவிடாதீர்கள். அதை நிறுத்திவிட்டு, "தமிழ் வரவில்லை, வைரஸ் வந்துவிட்டது" என்று கடைக்கு ஓடிவருகிறவர்கள் மாதத்துக்கு இருவராவது உண்டு.

ஆன்டிவைரஸும் ஒன்றுதான் இருக்க வேண்டும். சந்தா முடிந்துபோன ஒன்று, புதிதாகப் போட்ட ஒன்று, விண்டோஸோடு வருவது ஒன்று என்று மூன்று பேர் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதிப்பதைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

*

கேள்வி: எங்கள் கம்ப்யூட்டரை தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறேன். ஆனாலும் வாரக் கடைசியில் திணறுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானே?
– ஜெராக்ஸ் கடைக்காரர், பழனி

பதில்: ஒன்றில்லை. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் மென்பொருள்கள்தான் மூடும், விண்டோஸின் அடிப்பகுதி தன் நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். காலையில் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கக் கழுவிவிட்டு எழும். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. பக்கத்தில் 'அப் டைம்' பாருங்கள். தினமும் அணைத்தவருக்கு 23 நாள் என்று காட்டும், மலைத்துப் போவீர்கள். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள், போதும்.

*

கேள்வி: கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது. கூடவே உள்ளேயிருந்து டிக்… டிக் என்று ஒரு சத்தம். டிஃப்ராக் செய்தால் வேகமாகும் என்று தம்பி சொல்கிறான். இரவு முழுக்க ஓட விடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ஓட விடாதீர்கள் அம்மா. இதைப் படித்தவுடன் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள்.

2011-ல் ஒரு அம்மா கேபினட்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மெதுவாக இருக்கிறது, வேகமாக்கிக் கொடுங்கள் என்றார். நான் திறந்து பார்த்தேன், துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகள் நிறைய இருந்தன. டிஃப்ராக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். டிஃப்ராக் என்பது டிஸ்கில் இருக்கும் எல்லாவற்றையும் தூக்கித் தூக்கி வேறு இடத்தில் வைக்கிற வேலை. கை இரவு முழுக்க ஓடும். நல்ல டிஸ்க் அதைத் தாங்கும். அது சாகப்போகிற டிஸ்க். காலையில் வந்து பார்த்தபோது திரை கறுப்பு, உள்ளே டிக், டிக், டிக். தட்டைப் படிக்க முடியாமல் கை திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு வருகிற சத்தம் அது. அதில் அவர் கணவர் இறப்பதற்கு முன் எடுத்த படங்கள் முழுவதும் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை. மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்பிப் பார்த்தோம். ஒன்றும் திரும்பவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. பையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கடையில் எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது டிஸ்கின் உடல்நிலையைத்தான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' குறிப்புகளைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் கைமீறிக்கொண்டிருக்கிறது. கெட்டுப்போனதால் மாற்றிக்கொண்ட பகுதிகள் எத்தனை, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை எத்தனை என்று அதில் வரும். அந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. மெதுவாவதும் அதனால்தான், படிக்க முடியாத இடத்தைப் பல தடவை முயன்று பார்ப்பதிலேயே நேரம் போகிறது.

உங்களுக்குச் சத்தமே கேட்டுவிட்டது, அதனால் சோதித்துப் பார்க்கக்கூட ஓட்ட வேண்டாம். அதில் விலைமதிப்பில்லாதது ஏதாவது இருந்தால், அணைத்த நிலையிலேயே டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அவர் முதலில் முழு டிஸ்கையும் நகல் எடுத்துவிட்டு நகலில் வேலை செய்பவரா என்று கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் கொடுங்கள். தம்பியிடமும் சொல்லுங்கள்: எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு டிஃப்ராக் தேவையே இல்லை. நீக்கிய கோப்புகளின் இடம் காலி என்று எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லும் 'டிரிம்' வேலையை விண்டோஸே செய்துகொள்ளும்.

*

கேள்வி: அக்கா, 2018-ல் பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் என்னிடம் இருக்கிறது. 4 ஜி.பி. ரேம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பாடநூல் பி.டி.எஃப்., யூடியூப் வகுப்பு, நடப்பு நிகழ்வுகள் என்று திறந்துவைத்தால் மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது. புதிது வாங்க இப்போது வழியில்லை.
– வாசகி, பரமக்குடி

பதில்: தங்கச்சி, இதை வைத்தே பரீட்சை எழுதி முடிக்கலாம், கவலைப்படாதே. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ், சமூக அறிவியல் பாடநூல் முழுவதையும் குரோமில் வரிசையாகத் திறந்துவைத்திருப்பாய். அந்தப் புத்தகங்கள் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் உள்ளவை, ஒவ்வொன்றும் ரேமில் பெரிய இடம் பிடிக்கும். 4 ஜி.பி.யும் நிறைந்துவிட்டால் விண்டோஸ் என்ன செய்கிறது தெரியுமா? ரேமில் இருப்பதில் ஒரு பகுதியைத் தூக்கி ஹார்ட் டிஸ்கில் எழுதிவிட்டு, நீ அந்தப் பக்கத்துக்குத் திரும்பும்போது மறுபடி எடுத்துவருகிறது. மறுபடி அதே சுற்றுகிற தட்டு, அதே கை. மவுஸ் நிற்பது அப்போதுதான்.

புத்தகங்களைப் பதிவிறக்கி ஒரு போல்டரில் வைத்துக்கொள். குரோமில் திறக்காமல் சுமத்ரா என்கிற சின்ன பி.டி.எஃப். மென்பொருளில் திற. இலவசம், எடையே இல்லாதது. படிக்கிற ஒரு புத்தகம், ஓடுகிற ஒரு வகுப்பு, அவ்வளவுதான் திறந்திருக்கட்டும். யூடியூபை 480-ல் வை, கரும்பலகை எழுத்து தெளிவாகவே தெரியும். குரோமின் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' என்று இருக்கும், அதைப் போட்டுவிடு. குரோம் திறந்திருக்கும்போது ஷிப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கம் எவ்வளவு ரேம் தின்கிறது என்று அதுவே பட்டியல் காட்டும். நீ என்றோ சேர்த்து மறந்துபோன எக்ஸ்டென்ஷன் ஒன்று மேலே உட்கார்ந்திருக்கலாம். அதை எடுத்துவிடு.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் எஸ்.எஸ்.டி., பிறகு ரேம். ரேம் வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பழைய பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல். உப்பியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டு. உப்பிய பேட்டரியோடு படுக்கையில் வைத்துப் படிக்காதே, எனக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

*

கேள்வி: காலையில் நன்றாக ஓடும் லேப்டாப், இருபது நிமிடத்தில் படுத்துவிடுகிறது. அடியில் சூடு தாங்க முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் சும்மாதான் இருக்கிறது.
– வாசகர், ராஜபாளையம்

பதில்: ஊரைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நூற்பாலைப் பக்கம் வீடா? எங்கள் ஊரிலும் மில் ஓரத்துத் தெருக்களிலிருந்து வரும் லேப்டாப் எல்லாம் இதே கதைதான். போன கோடையில் ஒன்று வந்தது. பின்மூடியைக் கழற்றி ஃபேனை எடுத்தேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு படிந்து, அமுங்கி, விரல் கனத்துக்கு ஒரு பட்டையாக நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். கார்த்திகை விளக்குக்குத் திரித்த திரி மாதிரி முழுசாக ஒரே துண்டாக வந்தது. ஃபேன் பாவம், அத்தனை நாளும் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காற்றுக்கு வெளியே போக வழியில்லை.

பிராசசர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. பக்கத்தில் 'ஸ்பீட்' என்று ஒரு எண் இருக்கிறதே, காலையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் காட்டுவது இருபது நிமிடம் கழித்து 0.8-க்கு இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். உள்ளே சுத்தம் செய்து, பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நீங்களே செய்வதானால் மென்மையான பிரஷ் போதும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் வேகமாகச் சுற்றி அச்சு கெட்டுவிடும். மெத்தை மேலும் தலையணை மேலும் வைக்காதீர்கள், அடியில் இருக்கும் துவாரம் அடைத்துக்கொள்ளும். உங்கள் தெருவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது கட்டாயம்.

*

கேள்வி: 8 ஜி.பி. ரேம் வாங்கிப் போட்டேன். 3.2 ஜி.பி.தான் பயன்படும் என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ரேம் சரிதான். உங்கள் விண்டோஸ் 32 பிட். அது 4 ஜி.பி.க்கு மேல் எண்ணாது, அதிலும் ஒரு பங்கு போர்டுக்குப் போய்விடும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபௌட்' போய்ப் பாருங்கள். பிராசசர் 64 பிட் என்றும் விண்டோஸ் 32 பிட் என்றும் போட்டிருந்தால் 64 பிட்டைப் புதிதாக ஏற்ற வேண்டும். இருக்கும் விண்டோஸின் மேலேயே ஏற்ற முடியாது, பேக்கப் எடுத்துவிட்டு மொத்தமாகப் போட வேண்டும். உங்களிடம் இருக்கும் விண்டோஸ் 10 உரிமமே அதற்கும் செல்லும்.

*

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போடலாமா? லினக்ஸ் போடச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.
– கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், தேவகோட்டை

பதில்: விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான் அதிகாரப்பூர்வம். டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். சோதனையைத் தாண்டி ஏற்றுகிற குறுக்கு வழிகளை எல்லோரும் காட்டுகிறார்கள். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கோர் 2 டுவோ காலத்து இயந்திரமானால் 2024-ல் வந்த பதிப்பிலிருந்து எழவே எழாது, அந்த பிராசசரில் இல்லாத ஒரு கட்டளையை அது கேட்கிறது. எனவே நான் யாருக்கும் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பதில்லை.

லினக்ஸுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை ஐயா. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், அவ்வளவுதான். நம் மாநிலத்தில் அரசு கொடுத்த மடிக்கணினிகளில், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு, எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. வீட்டுக்கு நான் போட்டுக் கொடுப்பது லினக்ஸ் மின்ட், அதிலும் எடை குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. 2024-ல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 2 ஜி.பி. ரேமிலும் எழும், 4 ஜி.பி. இருந்தால் நிம்மதி. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, விண்டோஸ் 7 பழகினவருக்கு அரை மணி நேரத்தில் கை வந்துவிடும்.

போடுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினால் டிஸ்கைத் தொடாமல் முழு மின்ட்டும் ஓடும். பென் டிரைவ் என்பதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். வைஃபை வருகிறதா, உங்கள் பிரின்டர் அடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். ஐபஸ் என்கிற தட்டச்சு வசதி வழியாகத் தமிழ்99 வரும், லிப்ரே ஆபீஸில் உங்கள் பழைய வேர்டு கோப்புகள் திறக்கும். ஆனால் டேலி வேண்டும், ஏதாவது ஒரு வேலைக்கு விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்றால் மாறாதீர்கள். பாதி வேலைக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டிலும் கை பழகாது.

*

கேள்வி: எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று, ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. நன்றி மேடம். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கை என்ன செய்வது? பழைய இரும்புக்குப் போடலாமா?
– வாசகர், வேடசந்தூர்

பதில்: போடாதீர்கள். புதிதில் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும், இரண்டு மாதம் கழித்துத்தான் ஒரு படம் ஞாபகம் வரும். அதுவரையாவது அப்படியே இருக்கட்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீலம் காட்டினால் யு.எஸ்.பி. உறை ஒன்று வாங்கி அதைப் பேக்கப் டிஸ்காக வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை இணைத்து, முக்கியமானதைப் போட்டுவிட்டுக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே வைத்தால், வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

யாருக்காவது கொடுப்பதானால் சாதாரண 'குவிக் ஃபார்மட்' போதாது, கோப்புகள் உள்ளேயேதான் இருக்கும். 'குவிக்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். அப்போதுதான் தட்டு முழுவதும் சுழியால் எழுதப்படும். 500 ஜி.பி.க்குச் சில மணி நேரம் ஆகலாம், ஓடட்டும்.

வைத்துக்கொள்வதானால், மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைக் கூடப் போட்டு, டிபன் டப்பாவில் மூடி வையுங்கள். மேலே ஒரு சீட்டு ஒட்டி, கழற்றிய தேதியையும் உள்ளே யார் யார் படங்கள் இருக்கின்றன என்பதையும் எழுதிவிடுங்கள்.